பேர் போட்டாச்சா?

கடைசி ஷாட் இன்னும் முழுசாக மறைந்திருக்காது. முன்னால் ஒருவர் எழுந்து முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். நாலைந்து செல்போன்கள் டார்ச்சாகி, சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடும். "சீக்கிரம் வா, பார்க்கிங்ல மாட்டிக்குவோம்" என்று ஒரு குரல். எக்ஸிட் கதவு திறக்கும். வெளி வெளிச்சம் பாய்ந்து திரையில் பாதி வெளுத்துப்போகும். குப்பைப் பையும் துடைப்பமுமாக இரண்டு ஊழியர்கள் வாசலில் நிற்பார்கள். இத்தனைக்கும் நடுவே, அந்தப் படத்தைச் செய்த சில நூறு பேரின் பெயர்கள் யாருக்கோ என்று மேலே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவரை நம் ஊரில் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். தூங்கிவிட்டாரோ, உடம்புக்கு முடியவில்லையோ என்று. நான் உட்காரும் கட்சி. எழுந்து போகும் கட்சிக்கு ஆள்பலம் அதிகம், காரணங்களும் அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"அதான் படம் முடிஞ்சிருச்சே!"

கதை முடிந்தது, சரி. படம் முடியவில்லை. தணிக்கைச் சான்றிதழில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கில் ரோலிங் டைட்டிலும் சேர்த்திதான். நாம் டிக்கெட் வாங்கியதும் அதற்கும் சேர்த்துத்தான்.

2009 பிப்ரவரியில் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர்களை வாங்கி, அந்த மேடையில் தமிழில் பேசியதை நாம் மறந்திருக்க மாட்டோம். இரண்டில் ஒன்று 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் 'ஜெய் ஹோ' பாட்டுக்கு. அந்தப் பாட்டு படத்தில் எங்கே வருகிறது? கதை முடிந்து, காதலர்கள் சேர்ந்த பிறகு, மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலைய நடைமேடையில் ஆட்டத்தோடும் பெயர்களோடும் சேர்ந்து வருகிறது. ஆஸ்கர் விதியே, படத்துக்குள் ஒலிக்கும் பாட்டையும் இறுதிப் பெயர்ப் பட்டியலில் முதலாவதாக ஒலிக்கும் பாட்டையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. படம் முடிந்துவிட்டது என்று எழுந்து போனவர் உலகமே கைதட்டிய பாட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

'ஆர்.ஆர்.ஆர்.' (2022) படத்தின் முடிவுப் பாட்டும் அப்படித்தான். நேதாஜி, பகத்சிங் வரிசையில் நம் வ.உ.சி.யின் உருவமும் பின்னணியில் வரும். இயக்குநர் ராஜமௌலியே வந்து ஆடுவார். நான் பார்த்த காட்சியில் வ.உ.சி. வந்தபோது பாதிப் பேர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்"

வெள்ளைக்காரனும் வெகுகாலம் பெயர்களை முன்னால்தான் போட்டான். நீண்ட பட்டியலைக் கடைசியில் ஓட விடுவது 1970களை ஒட்டித்தான் அங்கே வழக்கமானது. அதுவும் சண்டையில்லாமல் நடக்கவில்லை. 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980) படத்தின் தொடக்கத்தில் இயக்குநர் பெயர் இல்லை என்று அமெரிக்க இயக்குநர் சங்கம் அபராதம் போட, ஜார்ஜ் லூகாஸ் சங்கத்தை விட்டே வெளியேறினார்.

நம் பழக்கம் என்ன? தியேட்டருக்குத் தாமதமாக வருபவர் வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்ட முதல் கேள்வியை நினைத்துப் பாருங்கள்: "பேர் போட்டாச்சா?" வீட்டில் அம்மாக்கள் அவசரப்படுத்தியதும் அதே சொல்லால்தான்: "பேர் போடுறதுக்குள்ள போயிடணும்." பெயர் போடுவதைத் தவறவிட்டால் படத்தையே தவறவிட்ட மாதிரி ஒரு குறை. கதை, வசனம், பாடல்கள், நடனம், மேக்கப், ஸ்டில்ஸ், லேபரட்டரி என்று அட்டை அட்டையாக வரும். ஒலிப்பதிவுக் கருவி ஆர்.சி.ஏ.வா, வெஸ்ட்ரெக்ஸா என்பது வரை போடுவார்கள். என் அப்பாவுக்கு வெஸ்ட்ரெக்ஸ் என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது. ஆனால் அந்தப் பெயர் தெரியும், அட்டையைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பார்.

ஆக, பெயர்களை உட்கார்ந்து படிப்பது நமக்கு யாரும் இறக்குமதி செய்து தந்த பழக்கம் கிடையாது. பெயர்கள் முன்னாலிருந்து பின்னால் போயின. நம் பழக்கம் அவற்றோடு கூடப் போகவில்லை, அவ்வளவுதான்.

"சம்பளம் வாங்கிட்டுத்தானே வேலை பார்த்தாங்க?"

வீடு கட்டிய கொத்தனார் பெயரை வாசலில் எழுதுகிறோமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதியிருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பார்க்கலாம். ராஜராஜன் அந்தக் கோயிலுக்கு வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்களும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுகூட இருக்கிறது. அவர்களைத் தொடர்ந்து ஆட்டம் கற்பிப்போர், கொட்டுவோர், கணக்கர், தையல்காரர், தச்சர், நாவிதர், வண்ணார் என்று பட்டியல் நீள்கிறது. அவர்களும் சும்மா வேலை பார்க்கவில்லை. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கூலியும் அதே சுவரில் இருக்கிறது. கூலி கொடுத்தாயிற்று, பெயர் எதற்கு என்று அரசன் நினைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் கல்லில் ஓட விட்ட ரோலிங் டைட்டில் அது.

இன்னொன்றும் உண்டு. சினிமா வேலை, சம்பளத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும் வேலையாகவும் எப்போதும் இருப்பதில்லை. 2020 பிப்ரவரி 19 அன்று, சென்னைக்கு வெளியே ஈ.வி.பி. வளாகத்தில் 'இந்தியன் 2' படப்பிடிப்புக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் போஸ்டரில் முகம் வருகிறவர்கள் இல்லை. உதவி என்ற சொல்லோடு சேர்ந்து கடைசிப் பட்டியலில் பெயர் வருகிற வேலைக்காரர்கள். திரையில் கிரேன், லைட், செட், புரொடக்‌ஷன் என்று பெயர்கள் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரி நினைவுக்கு வரும்.

"அந்தப் பேரை எல்லாம் யார் படிக்கிறா?"

எல்லாப் பெயரையும் படிக்கச் சொல்லவில்லை. படிக்கவும் முடியாது. ஒரு படத்துக்கு ஒரு துறை என்று கவனித்தால் போதும், அடுத்த படம் வேறாகத் தெரியும். '96' (2018) படத்தில் ஜானுவைப் பார்த்து உருகியவர்கள் எத்தனை பேர்! திரையில் இருந்தது த்ரிஷா. நம் காதில் விழுந்த குரல் சின்மயியுடையது. நாயகன் நடந்து வரும் காலடிச் சத்தம் படப்பிடிப்பில் பதிவானது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது ஒரு மூடிய அறையில், மணல் தட்டின் மேல் வேறொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துப் பார்த்து நடந்த சத்தம். ஃபோலி கலைஞர் என்று அவர் பெயர் ஓடும். அதைப் பார்த்த பிறகு கொலுசுச் சத்தம் கேட்டால்கூட, இது யார் கை என்று கேட்கத் தோன்றும்.

யாரும் படிக்காத பட்டியல் என்றால், அதில் ஒரு பெயர் விடுபட்டால் யாருக்கும் வலிக்கக் கூடாது அல்லவா? மறுபடி 'ஜெய் ஹோ'வுக்கு வருகிறேன். பெயர்கள் ஓடும்போது வரும் அந்த ஆட்டத்தை அமைத்தவர் லாஞ்ஜினஸ் ஃபெர்னாண்டஸ். அந்தப் பெயர்களில் அவர் பெயர் இல்லை. விட்டுப்போயிற்று. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை வாங்க மேடையேறிய டேனி பாயில், அங்கேயே அதைச் சொல்லித் தன்னை நொந்துகொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் மேடையில், நன்றி சொல்லக் கிடைத்த சொற்ப நேரத்தில், ஒரு வரி விட்டுப்போனதற்காக.

"கடைசியில ஏதாவது சீன் இருந்தா உட்காரலாம்"

2008இல் 'அயர்ன் மேன்' படத்தின் பெயர்ப் பட்டியல் முடிந்ததும் ஒரு சின்னக் காட்சி வைத்தார்கள். அதிலிருந்து மார்வல் ரசிகர்கள் கடைசிவரை உட்காரப் பழகினார்கள். நம் இளைஞர்களும் அவர்களைப் பார்த்து உட்கார்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைபேசியில், "எண்ட் கிரெடிட் சீன் உண்டா" என்ற தேடலில். பந்தியில் பாயசத்துக்காக உட்கார்ந்திருப்பவர் மாதிரி.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) இவர்களை அழகாக ஏமாற்றியது. காட்சி எதுவும் இல்லை. எல்லாம் ஓடி முடிந்த பிறகு, இரும்பில் சுத்தியல் அடிக்கும் ஓசை மட்டும் கேட்கும். முதல் படத்தில் குகைக்குள் நாயகன் கவசம் செய்த ஓசை. பதினோரு ஆண்டுக் கதைக்கு அந்த ஓசைதான் முற்றுப்புள்ளி. பெயர்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது நெஞ்சில் விழுந்திருக்கும். தேடலில் "காட்சி இல்லை" என்று படித்துவிட்டுப் போனவருக்கு அதுவும் கிடைத்திருக்காது.

"ஓடிடியில வரும்போது பார்த்துக்கலாம்"

வரும், தீப்பெட்டி அளவில். பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே படத்தைச் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்து இதைப் பாருங்கள் என்று எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கும். ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் வேறொரு படத்தின் டிரெய்லர் அலறும். தொலைக்காட்சியில் அந்தச் சுருக்கமும் இல்லை. விளம்பரத்துக்கு இடம் வேண்டி அப்படியே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். முழுத் திரையில், முழுச் சத்தத்தில், மனிதப் பெயர்கள் ஆள் உயரத்துக்கு வரும் ஒரே இடம் தியேட்டர்தான்.

"கடைசி பஸ்ஸை நீங்களா பிடிச்சுக் கொடுப்பீங்க?"

இந்த ஒரு கட்சிக்கு என் மரியாதை உண்டு. இரண்டாம் ஆட்டம் விட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பவர், தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டிருப்பவர், சர்க்கரை வியாதியில் மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இவர்களை யாரும் தடுக்கக் கூடாது. உட்கார்வதைக் கட்டாயம் ஆக்கவும் கூடாது. தேசிய கீதத்தைத் தியேட்டரில் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றமே 2016இல் போட்ட உத்தரவை 2018 ஜனவரியில் தளர்த்தியது. கழுத்தைப் பிடித்து உட்கார வைத்தால் மரியாதை வராது.

ஆனால் பார்க்கிங் நெரிசல் என்ற காரணத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் ஓடியவரும் நானும் மாலின் சரிவுப் பாதையில் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். அவர் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கிறார், நான் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து நிற்கிறேன். ரோலிங் டைட்டில் நம் படங்களில் மூன்று நான்கு நிமிடம். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்ற நேரம் அதைவிட அதிகம்.

எழுந்து போகிறவர்களை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயமில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் ஒலிக்கலவைக் கூடத்தில் உதவியாளராக இருக்கிறான். அவன் பெயர் முதல்முறையாகத் திரையில் வருகிறது என்று குடும்பமே கிளம்பியது. "நீங்களும் வாங்கண்ணே" என்று அவன் அம்மா என்னையும் கூப்பிட்டார். பதினோரு டிக்கெட், நடு வரிசை. படம் முழுக்க அந்த அம்மா கதையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. "எப்படா வரும்?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார்.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டார்கள். முன்வரிசைக்காரர் எழுந்து நின்று பிள்ளைக்கு ஷூ மாட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பெயர் ஏறிப்போனது.

"எங்கடா? எங்க?"

"போயிடுச்சும்மா."

அந்த மனிதர் நகர்ந்து நின்றிருந்தாலும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அவர் தமிழ் மட்டும் படித்தவர். திரையில் ஓடியது முழுக்க ஆங்கிலம். தமிழில் தலைப்பு வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் அரசு அறிவித்ததும் தலைப்புகள் தமிழுக்கு வந்தன. உழைத்தவர்களின் பெயர்களுக்கு அப்படி ஒரு சலுகை இல்லாததால் அவை ஆங்கிலத்திலேயே, எறும்பு அளவில், விரட்டுகிற வேகத்தில் ஓடுகின்றன. படிக்க முடியாதபடி போட்டுவிட்டு யாரும் படிப்பதில்லை என்று சினிமாக்காரர்கள் வருத்தப்பட முடியாது. பெயர் ஓடி முடியும்வரை விளக்கைப் போடாமலிருக்கத் தியேட்டர்காரர்களுக்குக் காசு செலவும் இல்லை. எழுந்தே ஆக வேண்டிய ரசிகர் குனிந்து ஒதுங்கிப் போனால் போதும், பின்னால் யாராவது ஒரு பெயருக்காகக் காத்திருக்கலாம்.

அடுத்த வாரம் அந்த அம்மா மகனை மட்டும் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். இந்த முறை டிக்கெட்டை அவரே கேட்டு வாங்கினாராம்: திரைக்கு நேர் கீழே, கழுத்து வலிக்கும் என்று எல்லோரும் ஒதுக்குகிற முதல் வரிசை. அங்கே உட்கார்ந்தால் முன்னால் எழுந்து நிற்க ஆள் கிடையாது. பெயர் வந்ததும் மகன் கையை நீட்டிக் காட்டியிருக்கிறான். அவன் விரல் போன போக்கில் அந்த அம்மாவின் தலையும் மேலே போயிருக்கிறது.

"படிக்கத் தெரியாட்டி என்னண்ணே, எந்த இடம்னு தெரிஞ்சுதுல்ல" என்றார் என்னிடம்.