ஏழரைச் சனியும் ஏழாண்டுத் திட்டமும்

சித்திரைத் திங்களில் மதுரைக்கு வந்து பாருங்கள், தோழர்களே! அழகர்மலையிலிருந்து புறப்படும் கள்ளழகர் எந்த நாழிகையில் மூன்றுமாவடியில் எதிர்கொள்ளப்படுவார், தல்லாகுளத்தில் எவ்வளவு நேரம் தங்குவார், வைகையில் எப்போது இறங்குவார், வண்டியூருக்கு எப்போது போய்ச் சேருவார், தேனூர் மண்டபத்தில் எந்த முனிவருக்குச் சாபம் தீர்ப்பார், இராமராயர் மண்டபத்தில் எந்த இரவு பத்து அவதாரம் காட்டுவார், எந்த நாள் மலைக்குத் திரும்புவார் என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. அச்சடித்து ஊரெங்கும் தருகிறார்கள். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம் என்று கணக்கு! எங்கும் நிறைந்தவர் என்று ஓதப்படுகிறவருக்கே, எப்போது எங்கே இருக்கவேண்டும் என்று மனிதன் எழுதிக்கொடுத்த பட்டியல் தேவைப்படுகிறது.

அந்தத் திருவிழாவின் ஆரவாரம் அடங்கும் வேளையிலேதான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவும் வருகிறது. அழகர் மீது தோற்பையால் தண்ணீர் பீய்ச்சிவிட்டு, நனைந்த சட்டையோடு நிற்கிறானே இளைஞன், அவனை அழைத்து, "அடுத்த சித்திரையில் நீ எங்கே இருப்பாய், தம்பி?" என்று கேளுங்கள். "பார்க்கணும்ணே" என்பான். யார் பார்க்கவேண்டும்? எப்போது பார்க்கவேண்டும்? எதை வைத்துப் பார்க்கவேண்டும்? சாமிக்கு மணிக்கணக்கில் நிரல் வகுத்த ஊரில், பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில்கூட ஒரு நிரல் இல்லை.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சிற்றூர். நண்பரின் வீடு. மகன் தேர்ச்சி பெற்ற செய்தி கேட்டுச் சென்றிருந்தேன். திண்ணையில் பையனின் தாய்மாமன் அமர்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை எவ்வளவு மார்க்கு?"

"அறுநூறுக்கு முந்நூத்தித் தொண்ணூறு."

"நல்ல மார்க்குத்தான். என்ன படிக்கப் போகிறான்?"

"சாதகம் பார்த்தோம்லய்யா. ஏழரைச் சனி நடக்குதாம். இந்த வருசம் எதைத் தொட்டாலும் விளங்காதாம். அடுத்த ஆனிக்கு மேல பார்த்துக்கிருவோம்னு சொல்லிட்டாரு."

சொன்னவர் சோதிடர். தட்சணை வாங்கிக்கொண்டு சொன்னார். கல்லூரிகள் விண்ணப்பம் வாங்கும் கடைசி நாள் சனிபகவானைக் கேட்டுக் குறிக்கப்படுவதில்லையே! அது வந்தது, போனது. பையன் பரவைச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கப் போனான். கையிலே அன்றாடம் காசு புரண்டது. கைப்பேசிக்குத் தவணை, அடுத்து வண்டிக்குத் தவணை. தவணை கட்டுகிறவன் வேலையை விடமுடியாது. வேலையை விடமுடியாதவன் படிக்கப் போகமுடியாது. உழைப்பு இழிவன்று. மூட்டை சுமப்பவனை நான் எந்த அதிகாரியைக் காட்டிலும் தாழ்வாகக் கருதவில்லை. ஆனால் அந்த மூட்டை அவன் தேர்ந்ததா? இல்லை, வான்வெளியில் கிடக்கும் ஒரு கோளின் பெயரைச் சொல்லி அவன் தோளில் ஏற்றப்பட்டது.

அந்தக் கோளின் கணக்கைத்தான் கொஞ்சம் பார்ப்போமே! சனிக்கோள் கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு இராசிகளாகப் பங்கிட்டால், இராசிக்கு இரண்டரை ஆண்டு. ஒருவனுடைய இராசி, அதற்கு முன்னது, பின்னது என மூன்று இராசிகளில் அது உலவும் காலமே ஏழரைச் சனி. பன்னிரண்டில் மூன்று என்றால் நான்கில் ஒரு பங்கு. அதாவது எந்த நாளை எடுத்தாலும் மனித குலத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டேதான் இருக்கும்! நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் பத்துப் பேருக்கு நடக்கும். மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளிலும் நாலில் ஒன்றுக்கு நடக்கும்; வழக்கறிஞர் வீட்டிலும் நடக்கும். அவர்கள் வீட்டுச் சனி கல்லூரி வாயில்வரை வந்து வழியனுப்பிவிட்டுப் போகிறது. நம் வீட்டுச் சனி மட்டும் வாயிலை மறித்து நிற்கிறது. கோள் ஒன்றுதான். வீடுதான் வேறு.

என்ன வேறுபாடு அந்த வீட்டில்? பணம் என்பீர்கள். பணமும்தான். அதைவிடப் பெரிய சொத்து ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குப் பத்திரப்பதிவு கிடையாது. மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சோற்றுத்தட்டின் முன்னே உட்கார்ந்திருக்கும்போதே, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு, எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம், சித்தப்பா படித்த கல்லூரியில் என்ன கிடைக்கும் என்ற பேச்சு காதில் விழுகிறது. யாரும் அதைத் திட்டம் என்று அழைப்பதில்லை. குழம்பு ஊற்றுவதுபோல் இயல்பாக நடக்கிறது. எதிர்காலம் அங்கே பரம்பரைச் சொத்து. பரம்பரையாகக் கிடைக்காதவன் அதை எழுதித்தான் பெறவேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

"எழுதியது எழுதியபடி, தலையெழுத்தை யாரால் மாற்றமுடியும்?" என்பார் திண்ணை வேதாந்தி. அவருக்கு இந்த மண்ணின் வரலாற்றிலிருந்தே விடை உண்டு. உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களிலே பெரியவர்களிடம் 'ரேகைச் சட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். சோதிடன் பார்க்கும் ரேகையன்று! குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளை அரசு 1914 முதல் மதுரைச் சுற்றுப்புறக் கள்ளர் மக்கள்மீது ஏவியது. குற்றம் செய்தவனை அல்ல, ஒரு சாதியில் பிறந்து வயதுவந்த ஆண்மகனையே பிடித்துக் கைரேகை பதிந்தது. இரவிலே காவலர் கண்காணிப்பில் படுக்கச் செய்தது. வெளியூர் போக அனுமதிச் சீட்டுக் கேட்டது. ரேகை தரமாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றது.

பிறப்பை வைத்து வாழ்வை முன்கூட்டியே எழுதியது எந்தப் பிரமன்? அலுவலகத்தில் அமர்ந்த மனிதர்கள் எழுதினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் மனிதர்களே அதை அழித்தார்கள். இடையில் போராடியவர்கள் மனிதர்கள். உயிர் கொடுத்தவர்கள் மனிதர்கள். சனி எந்தப் பக்கம் நின்றது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அந்த மக்களுக்கென்று தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நிற்கின்றன. பாட்டன் ரேகை பதித்த ஊரில் பேத்தி தேர்வு எழுதுகிறாள்.

1953-ஆம் ஆண்டையும் நினைவூட்டவேண்டும். இராசாசி அமைச்சரவை கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை தந்தையின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்தது. அடுத்த ஆண்டே காமராசர் முதலமைச்சரானார். திட்டம் மூட்டை கட்டப்பட்டது. நாமாக ஒரு திட்டம் வைத்துக்கொள்ளாவிட்டால் நமக்காக வேறொருவர் வைத்திருப்பார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

"எங்கள் சனங்களுக்குத் திட்டம் போடத் தெரியாதய்யா" என்று நம்மவரே சொல்லுகிறபோதுதான் எனக்குச் சினம் மூளுகிறது. தெரியாதா? உசிலம்பட்டிப் பக்கத்து வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மொய் நோட்டு இருக்கும். பத்தாண்டுக்கு முன்னே யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு செய்முறை செய்தோம், யார் எவ்வளவு திருப்பினார், யார் இன்னும் பாக்கி, அடுத்த வசந்த விழா வைத்தால் எவ்வளவு தேறும் என்று வரி வரியாக எழுதியிருக்கும். வங்கிக்காரன் தோற்றான்! விருந்துக்குப் பத்தாண்டுக் கணக்கு எழுதத் தெரிந்த கைக்கு, மகனின் படிப்புக்கு ஐந்தாண்டுக் கணக்கு எழுத வராதா? அந்த நோட்டின் பின்பக்கத்தைத் திருப்புங்கள், போதும்.

அங்கே என்ன எழுதுவது? பத்தாம் வகுப்பு முடியும் ஆண்டிலேயே எழுதத் தொடங்கவேண்டும். ஏனென்றால் கதவுகள் அங்கேயே மூடத் தொடங்குகின்றன. பதினொன்றில் கணக்குப் பாடம் எடுக்காதவனுக்குப் பொறியியல் பெரும்பாலும் எட்டாது. உயிரியல் எடுக்காதவனுக்கு மருத்துவமும் எளிதில் எட்டாது. தோழன் சேர்ந்தான் என்று தானும் ஒரு பிரிவில் சேருகிறான் சிறுவன். எந்தக் கதவை மூடினோம் என்பது இரண்டாண்டு கழித்தே தெரிகிறது. பதினொன்றாம் வகுப்பு ஆண்டு, ஓய்வாகக் கழியும் ஆண்டென்று பெயர். அந்த ஆண்டிலேதான் சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் எழுதிக்கொடுத்து வாங்கிவைக்கவேண்டும். கலந்தாய்வுக்கு முன்தினம் வட்டாட்சியர் அலுவலக வாசலில் அழுது நிற்கும் தந்தையரை நான் கண்டிருக்கிறேன். போராடிப் பெற்ற இடஒதுக்கீடு, ஒரு தாள் இல்லாமல் கைநழுவுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில், கிடைக்குமோ கிடைக்காதோ என்பது ஒன்று, கிடைக்கக்கூடியது ஒன்று, உறுதியாகக் கிடைப்பது ஒன்று என மூன்றையும் எழுதி, மூன்றுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

மதிப்பெண் குறைந்தவனுக்கு வழியில்லை என்பவர்களுக்காக ஒரு கணக்கு. பத்தாம் வகுப்பு முடித்தவன் ஐ.டி.ஐ.யில் ஈராண்டுத் தொழிற்பிரிவில் சேரலாம். முடித்தால், தகுதிக்கேற்பப் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் நுழையலாம், அங்கே இரண்டாண்டு. பட்டயம் பெற்றால், பொறியியல் கல்லூரியிலும் நேராக இரண்டாம் ஆண்டு, அங்கே மூன்றாண்டு. ஆக ஏழாண்டு. மேல்நிலைப் பள்ளி வழியே போகிறவனுக்கு இரண்டும் நான்குமாக ஆறாண்டு. வேறுபாடு ஒரே ஆண்டுதான்! அதிலும் ஐ.டி.ஐ. வழியே வந்தவன் கையில், ஈராண்டு முடிவிலேயே சோறு போடும் சான்றிதழ் ஒன்று இருக்கும்; குடும்பம் இடறினால் இறங்கி நின்று பிழைத்து, மீண்டும் ஏறலாம். சோதிடன் சொன்ன ஏழரை ஆண்டுக்குள்ளே இந்த ஏழாண்டு அடங்கிவிடுகிறது, அரை ஆண்டு மிச்சத்தோடு!

சோதிடனுக்குத் தம்பி ஒருவன் இப்போது கழுத்துப்பட்டை கட்டி வந்திருக்கிறான். நகரெங்கும் பெரும் பலகைகளில் வென்றவர் முகங்களை ஒட்டிவைத்து, "ஓராண்டு எங்களிடம் விடுங்கள்" என்கிறான். நீட் தேர்வு தமிழ்நாட்டின்மீது 2017-இல் சுமத்தப்பட்டது முதல் அவன் காட்டில் மழை. மருத்துவ இடம் பெறுவோரில் மிகப்பலர் மறுமுறை எழுதியவர்களே என்பதை ஏ.கே. இராசன் குழு 2021-இல் தந்த அறிக்கை காட்டியது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அது நல்ல அரண். ஆயினும் ஓராண்டின் விலை எல்லா வீட்டிலும் ஒன்றன்று. செல்வன் மகன் மூன்றாண்டு காத்திருந்தால் அது முயற்சி; கூலிக்காரன் மகன் காத்திருந்தால் கடன். முயலவேண்டாம் என்பதன்று என் வாதம். எத்தனை முறை, எந்தத் திங்கள்வரை, தவறினால் மறுநாள் எங்கே சேருவது என்பதை முதலிலேயே எழுதிவிட்டு முயல்க. அரசுப் பணித்தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் நூலகத்திலே தவம் கிடக்கும் தோழர்களுக்கும் இதே சொல்தான்.

பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதி. அவளுக்கு மட்டும் திட்டம் பிறந்த அன்றே தொடங்கிவிடுகிறது: நகைச் சீட்டு! பத்தொன்பதில் கழுத்தை நீட்டுவதற்குப் பதினெட்டாண்டுச் சேமிப்பு. அரசுகூட நெடுநாள் அந்த வழியே சென்றது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய உதவி, படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குக் கொடுக்கப்பட்டது. 2022-இல் அதே அம்மையார் பெயரிலேயே அது உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்த பெண், பட்டமோ பட்டயமோ ஐ.டி.ஐ.யோ படிக்கும் காலமெல்லாம் திங்கள்தோறும் 1000 ரூபாய். தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய அம்மையாரின் பெயர், தாலியிலிருந்து ஏட்டுக்கு வந்து சேர முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின! அரசு மாற்றிக்கொண்டது, வீட்டு நகைச் சீட்டு எப்போது மாறும்?

அந்தச் செக்கானூரணிப் பக்கத்துப் பையனை அவ்வளவில் விட்டுவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொய் நோட்டின் பின்பக்கத்தில் அவன் கையாலேயே எழுதவைத்தோம். வண்டித் தவணை எந்தத் திங்களில் முடிகிறது என்பதே முதல் வரி. இப்போது கோ. புதூர் ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவில் படிக்கிறான். விடுமுறை நாளில் சந்தைக்கும் போகிறான். போன வாரம் பேருந்து நிலையத்தில் தாய்மாமனைப் பார்த்தேன். முகமெல்லாம் மலர்ச்சி.

"அந்தச் சோசியரு சொன்னது சரியாப் போச்சுல்ல? சனி விலகிருச்சு!" என்றார்.