சி.பி.ஆர்: எந்தப் பயிற்சியில் சேரலாம்?

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சாலை வழியே சுமார் 40 கிலோமீட்டர். ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸும் வந்துவிடும். ஆனால் தோட்டத்து வீட்டிலோ வாணியாறு அணைப் பக்கத்திலோ ஒருவருடைய இதயம் நின்றுபோனால், ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

இதயம் நின்ற பிறகு எதுவும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு. நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மனைவியோ மகனோ அண்டை வீட்டுக்காரரோதான். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கைவேலைதான் சி.பி.ஆர். என்னும் இதய இயக்க மீட்பு. நெஞ்சை அழுத்தி அழுத்தி, நின்றுபோன இதயத்தின் வேலையைக் கையால் செய்வது.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு

நெஞ்சு வலிக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பவரின் நெஞ்சை அழுத்தக் கூடாது. அவரை உட்காரவைத்து, 108-ஐ அழைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் 2023 முதல் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன.

தோளைத் தட்டிக் கூப்பிட்டாலும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால்தான் சி.பி.ஆர். அவ்வப்போது வாயைத் திறந்து இழுக்கும் மூச்சை ‘மூச்சு இருக்கிறது’ என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல பயிற்சியில் முதலில் கற்றுத்தருவதே இந்த வித்தியாசத்தைத்தான்.

வீடியோ பார்த்தால் போதாதா?

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். இதைப் படிக்க அரை நிமிடம் போதும். ஆனால் 5 சென்டிமீட்டர் ஆழம் எவ்வளவு பலம் கேட்கும் என்பது பொம்மையை அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். முதல்முறை அழுத்துகிறவர்களில் பலர் ‘வலிக்குமே’ என்ற தயக்கத்தில் மேலோட்டமாகத்தான் அழுத்துவார்கள். பயிற்சிப் பொம்மையை நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960-இல் உருவாக்கினார்.

என்னென்ன பயிற்சிகள்?

இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் முயற்சியில் உருவான இந்திய புத்துயிரூட்டல் கவுன்சில், பொதுமக்களுக்கென்றே ‘கோல்ஸ்’ என்ற பயிற்சியை வகுத்திருக்கிறது. வாயோடு வாய் வைத்து ஊதாமல், நெஞ்சை மட்டும் அழுத்தும் எளிய முறை இது. பெரியவர்கள் திடீரெனச் சுருண்டு விழும்போது இது போதும்.

இந்திய செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சிகள் நடத்துகின்றன. ரத்தக்கசிவு, எலும்பு முறிவு போன்றவற்றோடு சி.பி.ஆரையும் சேர்த்துக் கற்க நினைப்பவர்களுக்கு இவை ஏற்றவை.

அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பயிற்சிகளில் ‘ஹார்ட்சேவர்’ பொதுமக்களுக்கானது, ‘பி.எல்.எஸ்.’ மருத்துவத் துறையினருக்கானது. வேலைக்குச் சான்றிதழ் தேவையில்லாத இல்லத்தரசி பி.எல்.எஸ்ஸுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமில்லை. அந்தச் சான்றிதழும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

கிணறும் ஏரியும் உள்ள ஊருக்கு

இங்கேதான் கவனம் தேவை. தண்ணீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் இதயம் நிற்கிறது. அவர்களுக்கு நெஞ்சழுத்தத்தோடு மூச்சு ஊதுவதும் அவசியம்: 30 அழுத்தம், 2 மூச்சு. கைக்குழந்தைக்கு அழுத்தும் ஆழமும் விதமும் வேறு. ஆகவே வீட்டில் குழந்தைகளும் பக்கத்தில் கிணறோ ஏரியோ உள்ளவர்கள், கோல்ஸோடு நிறுத்தாமல் மூச்சூட்டலும் குழந்தைகளுக்கான முறையும் அடங்கிய பயிற்சியைத் தேடுவது நல்லது. பம்ப்செட் மோட்டாரில் மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயினை அணைக்க வேண்டும் என்பதையும் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

• ஒவ்வொருவரும் பொம்மையில் அழுத்திப் பழக நேரம் உண்டா? ஒரு பொம்மைக்கு எத்தனை பேர்?
• தவறாக அழுத்தினால் பக்கத்தில் நின்று திருத்துவார்களா?
• தமிழில் நடக்குமா?
• குழந்தைகளுக்கான முறையும், ஏ.இ.டி. எனும் மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தும் விதமும் உண்டா?
• பயிற்றுநர் எந்த அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர்?

முதல் இரண்டு கேள்விகளுக்குச் சரியான பதில் இல்லையென்றால், சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை.

ஒருவர் கற்றால் போதாது

2023 டிசம்பர் 6 அன்று தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நாடு முழுவதும் ஒரே நாளில் நடத்திய சி.பி.ஆர். விழிப்புணர்வில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் பழகாவிட்டால் சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். அதோடு, சரியாக அழுத்துகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும். அடுத்தவர் மாற்றிவிட வேண்டும். ஒரு வீட்டில் குறைந்தது இருவராவது கற்றிருக்க வேண்டியது இதனால்தான்.

‘ஏதாவது ஆகிவிட்டால் நம்மீது கேஸ் வருமோ’ என்ற பயமும் பலருக்கு உண்டு. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கவே 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

பயிற்சி மையத்தைத் தேடி ஆளாளுக்கு நகரத்துக்குப் போவதைவிட, பயிற்சியை ஊருக்கு வரவழைப்பது எளிது. மகளிர் சுயஉதவிக் குழுவோ பால் சங்கமோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகமோ இருபது பேரைத் திரட்டி, செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையையோ மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் துறையையோ அணுகிக் கேட்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இருபது பேர் மறுபடி கூடி, பொம்மையை அழுத்திப் பழகலாம். அப்படிப் பழகிய தெருவில் ஒருவர் விழுந்தால், ஒருவர் 108-ஐ அழைக்க, ஒருவர் அழுத்த, இன்னொருவர் கைமாற்றக் காத்திருப்பார்.