சென்ட்ரலோடு முடிந்துவிடுகிற சென்னை

வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வருகிறவர்கள் முதல் ஆறு மாதத்தில் எங்கெங்கே சுற்றுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மெரினா, பெசன்ட் நகர் பீச், ரங்கநாதன் தெரு, கிண்டி பாம்புப் பண்ணை, வண்டலூர், இரண்டு மூன்று மால்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம். அதற்கப்புறம் "இந்த ஊர்ல பார்க்க என்னடா இருக்கு, வெயிலைத் தவிர" என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து அலுத்துக்கொள்வது.

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்லாமே சென்ட்ரலுக்குத் தெற்கே. மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவது சென்ட்ரலில், ஆனால் அங்கிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர்கூட யாரும் கால் வைப்பதில்லை. ஏதோ ஊர் அந்த ரயில்வே சுவரோடு முடிந்துவிட்ட மாதிரி. கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அந்தப் பக்கமா? அது ரவுடி ஏரியா மச்சி." சொல்பவர் அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டார். எல்லாம் சினிமா பார்த்து வந்த ஞானம். சவுக்கார்பேட்டையில் ஒரு ஆளுக்கு ஆபத்து வரும் என்றால் அது பெரும்பாலும் பின்னாலிருந்து வருகிற மீன்பாடி வண்டியால்தான் வரும். :-)

இத்தனைக்கும் ஊர் வளர்ந்தது அங்கேதான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர்கள் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, கோட்டையை ஒட்டியிருந்த ஊரை இடித்துத் தள்ளியது. எதிரி வந்து ஒளிந்துகொள்ள ஒரு சுவர்கூட இருக்கக் கூடாதாம். இன்றைக்கு ஹைகோர்ட் நிற்பது அந்த இடத்தில். விரட்டப்பட்ட ஜனம் வடக்கே நகர்ந்து குடியேறிய ஊர்தான் பாரிமுனை, மண்ணடி, முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை எல்லாம். வீடுகளோடு பெருமாள் கோயிலும் இடிபட்டது. அதற்குப் பதிலாகக் கட்டியவைதான் பூக்கடைப் பக்கம் அடுத்தடுத்து இருக்கிற சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்கள். சென்னை என்ற பேரே இந்தக் கோயிலால் வந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் சரி, ஊர்ப் பேருக்கே உரிமை கேட்கிற கோயிலைத் தாண்டி தினமும் ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸில் போகிறார்கள், ஜன்னல் வழியாகக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அரண்மனைக்காரத் தெரு. அங்கே எந்த அரண்மனையும் இல்லை! ஆர்மீனியர்கள் இருந்த தெரு, ஆங்கிலத்தில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட். அந்த வார்த்தை வாயில் நுழையாத நம்ம ஊர் ஜனம் அதை அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்டது. (பக்கத்திலேயே பவழக்காரத் தெரு. அங்கே யூத வியாபாரிகள் நிஜமாகவே பவழம் விற்றார்கள், அதனால் அந்தப் பேரில் பிழையில்லை.) செவ்வாய்க்கிழமை இந்தத் தெருவில் அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். அதே தெருவில் சில அடி தள்ளி ஒரு பழைய மரக்கதவு. உள்ளே 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம். அந்தக் கதவுக்குள் கூட்டமே இருக்காது.

உள்ளே நுழைந்தால் ஹார்ன் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். மரங்கள், தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், அவற்றில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. தேவாலயத்தை ஒட்டாமல் தனியாக நிற்கிற மணிக்கூண்டு, அதில் ஆறு பெரிய மணிகள். இந்த வளாகத்தில் புதைக்கப்பட்டிருக்கும் ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் 1794இல் 'அஸ்தரார்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. அது அச்சானது ஆர்மீனியாவில் இல்லை, இந்த மதராசில். எந்த நாட்டுக்காரனோ தன் மொழியின் முதல் பத்திரிகை பிறந்த இடத்தைத் தேடி விமானம் ஏறி வருகிறான். இரண்டு தெரு தள்ளி ஆண்டர்சன் தெருவில் ப்ராஜெக்ட் ரெக்கார்டுக்கு மொத்த விலையில் பேப்பர் வாங்க வருகிற மாணவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

சரி, பசி நேரம் வந்துவிட்டது. பர்மா பஜார் என்றால் சி.டி., பெர்ஃப்யூம், பேரம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதன் பேரில் ஏன் பர்மா இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. 1962இல் நெ வின் ராணுவ ஆட்சி வந்ததும் பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைக்க 1969இல் உருவானதுதான் ராஜாஜி சாலை ஓரத்துக் கடைவரிசை. சொத்தைப் பிடுங்கிக்கொண்ட அரசால் நாக்கைப் பிடுங்க முடியவில்லை. அப்படி வந்து சேர்ந்ததுதான் அத்தோ.

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலம் போனால் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ், அதன் மேல் பொடியாக நறுக்கிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், பூண்டு வதக்கிய எண்ணெய். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைந்து தருவார்கள். ஸ்பூனால் பிசைந்தால் அந்த ருசி வராது, இதில் விவாதத்துக்கு இடமில்லை. தொட்டுக்கொள்ள என்று இல்லாமல், குடிக்க வாழைத்தண்டு சூப். கூடவே வேகவைத்த முட்டையைக் கீறி அதற்குள் பொரித்த வெங்காயத்தைத் திணித்து, எண்ணெயும் புளியும் விட்டு ஒன்று தருவார்கள், அதை ஒரே வாயில் போட்டுக்கொள்வதுதான் முறை. சூப்பிலேயே நூடுல்ஸைப் போட்டுத் தந்தால் அது மொய்ங்கா. பர்மாவில் அதில் மீன் இருக்கும். இங்கே பல வண்டிகளில் மீனை விட்டுவிட்டார்கள். கடல் தாண்டி வந்த சாப்பாடு, வந்த இடத்துக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. வெளிநாட்டு உணவு சாப்பிட வேண்டும் என்று மாலுக்குள் போய் ஐந்நூறு ரூபாய் செலவு செய்கிறவர்கள் இதை ஒரு தடவை ருசி பார்க்க வேண்டும்.

சவுக்கார்பேட்டைச் சாப்பாடு வேறு ரகம். தங்கசாலைத் தெருவில் பாதிக் கடைகளில் பேச்சு மார்வாடியிலும் குஜராத்தியிலும் நடக்கும். காக்கடா ராம்பிரசாத் கடையில் சுடச்சுட ஜிலேபி. ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு வைத்து நடுவில் தக்காளி, வெள்ளரி, சட்னி வைத்துத் தருகிற முறுக்கு சாண்ட்விச் இந்தப் பேட்டையின் சொந்தச் சரக்கு. வடக்கத்திக்காரரும் தெற்கத்திக்காரரும் முந்நூறு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால் இப்படி ஏதாவது பிறக்கத்தான் செய்யும். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை இன்னொரு அதிசயம். அங்கே பெரிய மெனு எல்லாம் கிடையாது, இட்லியும் ஊத்தப்பமும்தான். ஆனால் நெய்யும் பொடியும் விழுகிற அளவைப் பார்த்தால் டயட்டில் இருப்பவர்கள் தூர ஓடிவிடுவார்கள்.

இதையெல்லாம் சொன்னால் "கூட்டம், குப்பை, நடக்க இடமில்லை" என்பார்கள். உண்மைதான், மழை நாளில் அந்தச் சந்துகளில் போவதற்குப் பெரிய மனசு வேண்டும். ஆனால் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முதல் வாரம் நசுங்கியவர்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசுவதுதான் ஆச்சரியம். இன்னொரு கோஷ்டி இருக்கிறது. பெரிய கேமராவோடு காலையில் வந்து, மூட்டை தூக்குகிறவர் முகத்தைக் கேட்காமலேயே படம் எடுத்து, ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விடுவார்கள். அதற்கு வராமலே இருக்கலாம். அங்கே இருப்பது வேலை செய்கிற ஊர், காட்சிச்சாலை இல்லை. வருகிறவர் வாங்க வேண்டும், சாப்பிட வேண்டும், கடைக்காரரோடு நாலு வார்த்தை பேச வேண்டும்.

சவுக்கார்பேட்டைக்கு வெளியாள் வராவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, அதன் வியாபாரம் மொத்த வியாபாரம். நஷ்டம் பழைய கட்டடங்களுக்குத்தான். ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸாக இருந்த பெண்டிங்க் கட்டடத்தை 1990களில் இடித்துவிட்டு சிங்காரவேலர் மாளிகையைக் கட்டினார்கள். ஒரு கட்டடத்தை யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்றால் அது போன பிறகு தேடுவதற்கும் ஆள் இருக்காது. பழைய ஊரைச் சுற்றி எழுப்பிய மதில் சுவரின் கதியும் இதுதான். சுவருக்காக ஜனங்களிடம் கேட்ட வரியின் பேர் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் மிச்சம் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவாக நிற்கிற ஒரு துண்டுதான்.

ராயபுரம் ஸ்டேஷன் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது இங்கிருந்து. இந்தியாவில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் இதுதான் பழையது. 2005இல் செப்பனிட்டுத் திறந்தார்கள். உயரமான தூண்கள், அகலமான முகப்பு, எதிரே பெரும்பாலும் யாரும் இல்லாத முற்றம். மும்பைக்குப் போனால் சி.எஸ்.டி. முன்னால் நின்று போட்டோ எடுக்காமல் திரும்பாதவர்கள், அதைவிட மூத்த ஸ்டேஷன் சொந்த ஊரில் இருப்பதை விசாரிப்பதுகூட இல்லை. இதை மூன்றாவது முனையமாக்க வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் எத்தனையோ வருஷம் கேட்டார்கள். அந்த யோகம் தாம்பரத்துக்குப் போய்விட்டது.

தூரம் என்ற சாக்கும் இப்போது செல்லாது. 2019இல் மெட்ரோ வண்ணாரப்பேட்டை வரை வந்தது, 2021இல் விம்கோ நகர் வரை நீண்டது. மண்ணடி ஸ்டேஷனில் ஏறி வந்தால் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில், அரண்மனைக்காரத் தெரு, பர்மா பஜார் எல்லாம் நடக்கிற தூரம். தேவாலயத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது, சாயங்காலம் கதவு பூட்டியிருக்கும். அத்தோ வண்டிகளுக்கும் சீனா பாய் கடைக்கும் சாயங்காலம்தான் நேரம். நடுவில் கிடைக்கிற பொழுதில் பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் வடக்கே அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பேட்டையில் பாதிக் கடைகள் மூடியிருக்கும்.