வெள்ளையா? கருநீலமா?



பொங்கல் வந்தால் எல்லார் வீட்டிலும் "வெள்ளையடிக்கணும்" என்று சொல்வார்கள். ஆனா வெள்ளையைத் தவிர மத்த எல்லாக் கலரும் அடிப்பாங்க! எங்க வீட்டு உள்ரூமுக்குக் கருநீலம் வேணும்னு அண்ணன் ஒத்தைக் கால்ல நிக்கிறான். நான் வெள்ளைக் கட்சி. ஆள் சேர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளையில் கை அழுக்கு, எண்ணெய்த் தலை சாய்ந்த கறை எல்லாம் தெரியும், கருநீலத்தில் தெரியாது என்பது அவன் வாதம். அழுக்கு தெரியாமல் இருக்கும், சரி. போயிடுமா?

அந்த ரூமுக்கு ஒரே ஜன்னல். வண்டலூரில் நெருக்கி நெருக்கி வீடு கட்டியதில், பக்கத்து வீட்டுச் சுவர் ஜன்னலுக்கு நேரா நிக்குது. பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுத்தான் படிக்கிறேன். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தை ரூமுக்குள்ளேயே திருப்பி அனுப்பும். கருநீலம் 10 சதவீதம் அனுப்பினாலே பெரிசு. மீதியை விழுங்கிவிடும். கரண்ட் பில் மட்டும் அதேதான் வரும்!

"கருநீலம் அடிச்சா வெயில்ல வேகும்டா" என்று அம்மா என் பக்கம் பேசினாங்க. அதை மட்டும் நான் ஏத்துக்கலை. உள் சுவரில் வெயிலே படாதே! சூடு குறையணும்னா மொட்டைமாடிக்குத்தான் வெள்ளை அடிக்கணும். இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைகளுக்காகத் தெலங்கானா அரசு 2023-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

"ராஜஸ்தான்ல ஜோத்பூர் முழுக்க நீல வீடுதானே?" என்றான் அண்ணன். அது சுண்ணாம்பில் நீலம் கலந்த வெளிர் நீலம். துணிக்குச் சொட்டு நீலம் போடுற மாதிரி. கருநீலம் இல்லை!

ஆயா விஷயத்தில்தான் நான் கொஞ்சம் யோசித்தேன். அவங்களுக்குக் கண்ணில் புரை. வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச் போர்டு இருந்தால் தடவித் தடவித்தான் தேடணும். அதைச் சுற்றியும் கதவு நிலைக்கும் கருநீலம் அடித்தால் பளிச்சென்று தெரியும்.

நம்ம வகுப்பறைச் சுவரைப் பாருங்க. அடியில அடர் கலர், மேலே வெளிர் கலர். அதே மாதிரி கீழே 3 அடிக்குக் கருநீலம் தர்றேன்னு சொல்லிட்டேன். தரையில உட்கார்ந்து சாயுற தலை அதுக்கு மேல போகாது. அண்ணன் 4 அடி கேட்கிறான். ஒரு அங்குலம்கூட ஏத்த மாட்டேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி