தாண்டிப் படித்த பக்கங்கள்

இந்த ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் என் துணிப்பையை எட்டிப் பார்த்த பேராசிரியர் ஒருவர், "என்னம்மா இது, இன்னுமா கொலைக் கதையும் மந்திரவாதிக் கதையும் படிக்கறீங்க?" என்று கேட்டார். முப்பது வருஷம் கல்லூரியில் சிலப்பதிகாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். என் மேல் அக்கறை உள்ளவர். டீக்கடை வரிசையில் நிற்கும்போது காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இவை நிஜத்திலிருந்து தப்பி ஓடுகிற கதைகள். முடிவு தெரிந்துவிட்டால் அந்தப் புத்தகத்தில் மிச்சம் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மாயம் என்று வந்துவிட்டால் எதுவும் நடக்கலாம், வாசிப்பவர் மூளைக்கு வேலை கிடையாது. கொலையை விளையாட்டாக்குவது அதைவிட மோசம். அன்று நான் பெரிதாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. டீ வந்துவிட்டது. ஆனால் பதில் இருக்கிறது.

இந்தக் குற்றச்சாட்டுகள் புதியவை அல்ல. இவற்றை மிக வலுவாக எழுதியவர் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன். ஜாய்ஸையும் புரூஸ்டையும் எலியட்டையும் பொது வாசகருக்கு விளக்கிச் சொன்ன 'ஆக்சல்ஸ் காசில்' (1931) எழுதியவர். அற்பமான ஆள் அல்ல. 1944 அக்டோபரில் 'நியூயார்க்கர்' இதழில் துப்பறியும் கதைகளைக் கண்டித்து எழுதினார். வாசகர் கடிதங்கள் குவிந்ததும் 1945 ஜனவரியில் இன்னொரு கட்டுரை எழுதி, இந்த வாசிப்பைப் புகைப்பழக்கத்துக்கும் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் நடுவில் எங்கேயோ வைத்தார். 1956இல் 'நேஷன்' இதழில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலைச் சிறுபிள்ளைக் குப்பை என்று ஒதுக்கினார். நான் நேசிக்கிற இரண்டு வகைகளையும் ஒரே மனிதர் தாக்கியிருக்கிறார் என்பதால், பேராசிரியருக்குச் சொல்ல வேண்டிய பதிலை வில்சனிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதல் கட்டுரைக்குக் கோபித்துக்கொண்ட வாசகர்கள் அவருக்குப் பரிந்துரைத்த நூல்களில் ஒன்று டோரதி சேயர்ஸின் 'தி நைன் டெய்லர்ஸ்' (1934). அதை அவர் எடுத்துப் படித்தார். இவ்வளவு சலிப்பூட்டும் நூல் அரிது என்றார். முதல் பகுதி முழுக்கத் தேவாலய மணிகளை அடிக்கும் முறை பற்றியே இருப்பதாகவும், அதில் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டதாகவும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த நாவல் எதைப் பற்றியது என்று சொல்கிறேன். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தில் ஒரு கிராமம். அங்கே பெரிய தேவாலயம், அதன் கோபுரத்தில் எட்டு மணிகள். ஓர் ஆண் இறந்தால் ஒன்பது அடி அடித்து ஊருக்குச் சொல்வார்கள். நூலின் தலைப்பு அதிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் மணியடிப்பில் பாட்டு கிடையாது. எட்டு மணிகளும் சுற்றுக்குச் சுற்று பக்கத்து மணியோடு இடம் மாறிக்கொண்டே போக வேண்டும், ஒருமுறை வந்த வரிசை மறுபடி வரக்கூடாது. நம் ஊர்ப் பின்னல் கோலாட்டத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் உள்ளே புகுந்து ஒருவர் வெளியே வந்து இடம் மாறுவதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். புத்தாண்டு இரவு முழுதும் ஒன்பது மணி நேரம், 15,840 மாற்றங்கள் அடிக்க ஊர் திட்டமிடுகிறது. அடிப்பவர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, பனியில் கார் பள்ளத்தில் சரிந்து ஊருக்குள் ஒதுங்கிய துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சி அந்தக் கயிற்றைப் பிடிக்கிறார். சில மாதம் கழித்து ஊர்ப் பெரியவர் ஒருவரை அடக்கம் செய்ய அவர் மனைவியின் கல்லறையைத் தோண்டினால், உள்ளே இன்னொருவரின் உடல் கிடக்கிறது. அவர் எப்படி இறந்தார் என்பது ஏறக்குறைய கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பதில், வில்சன் தாண்டிப்போன பக்கங்களில் இருக்கிறது. இதற்கு மேல் சொன்னால் படிக்காதவர்களுக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

இலக்கிய நாவலில் ஒரு பத்தியைத் தாண்டினால் அழகில் கொஞ்சம் இழப்போம். நல்ல துப்பறியும் நாவலில் தாண்டினால் நீதியை இழப்போம். சமையலறையில் எத்தனை கோப்பை, சன்னல் எந்தப் பக்கம் திறந்திருந்தது, தோட்டக்காரர் ஏன் அன்று தலையைக் குனிந்தார் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இவ்வளவு கவனத்தோடு நான் வேறு எந்த எழுத்தையும் படித்ததில்லை. இதைப் புகைப்பழக்கத்தின் பக்கத்தில் வைத்த வில்சன் கண்ணை மூடிக்கொண்டு படித்தவர். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் கண்ணைத் திறந்து படித்திருந்தால் அவரைவிடச் சிறப்பாக யார் எழுதியிருக்க முடியும்?

முடிவு தெரிந்துவிட்டால் தீர்ந்தது என்ற வாதத்தை எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் மட்டும் சொல்லவில்லை. கவிஞர் ஆடன் டோல்கீனைப் போற்றி மதிப்புரை எழுதியவர், துப்பறியும் கதைகளுக்கு அடிமை என்று தன்னையே சொல்லிக்கொண்டவர். அவரும் 1948இல் எழுதிய கட்டுரையில், படித்து முடித்ததும் கதை மறந்துவிடும், மறுபடி படிக்கத் தோன்றாது, இது கலையோடு சேர்ந்தது அல்ல என்கிறார். என் பக்கத்து ஆள்தான், ஆனாலும் இங்கே அவரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926) நாவலை நான் நான்கு முறை படித்திருக்கிறேன். முதல்முறை கடைசி அத்தியாயத்தில் அதிர்ந்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அது எவ்வளவு நேர்மையான நூல் என்று புரிந்தது. அதில் ஓரிடத்தில் மணி என்ன என்று இரண்டு தடவை சொல்லப்படுகிறது. இரண்டுக்கும் இடையே பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கிறிஸ்டி மறைக்கவே இல்லை, நம் கண்முன் வைத்துவிட்டுப் போகிறார். நாம்தான் பார்க்கவில்லை. முதல் வாசிப்பில் ஒரு கதை, இரண்டாம் வாசிப்பில் அதே சொற்களுக்குள் ஒளிந்திருந்த இன்னொரு கதை. மூன்றாம் முறை, வாக்கியங்களை அவர் எப்படிக் கோத்தார் என்ற வேலைப்பாடு தெரிகிறது.

பேராசிரியருக்கு இது தெரியாததா? சிலப்பதிகாரத்தின் பதிகமே முழுக்கதையையும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கோவலன் சாகப்போகிறான், மதுரை எரியப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் நாம் புகார்க் காண்டத்துக்குள் நுழைகிறோம். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும், அந்தச் சிலம்பு உடைகிற இடத்தில் இவர் குரல் வகுப்பில் தழுதழுத்ததாக மாணவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தடயம் ஒன்றைச் சபையில் வைத்து, அரசன் வழங்கிய தீர்ப்பு பிழை என்று ஒரு பெண் நிரூபிக்கும் காட்சி அது. தெரிந்த முடிவுக்காக முப்பது வருஷம் கலங்கியவர், என் நான்காவது வாசிப்பை ஏன் ஐயப்பட வேண்டும்?

தப்பித்தல் என்பது பழைய வசை. டோல்கீன் 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றிப் பேசியபோது இதற்கு நேராகவே பதில் சொன்னார். சிறைப்பட்டவன் வெளியேற நினைப்பதும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. 1916இல், 24 வயதில், முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தின் பதுங்குகுழிகளில் இருந்தவர். பள்ளிக்கால நண்பர் குழுவில் இருவரை அந்த ஒரே ஆண்டில் இழந்தவர். இறந்தோர் முகங்கள் நீருக்கடியில் தெரியும் சதுப்பு நிலம் ஒன்று அவர் நாவலில் வருகிறது. போருக்குப் பிந்தைய வட பிரான்சின் சாயல் அதில் உண்டு என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் முடிவையும் பார்க்க வேண்டும். தீமை அழிந்த பிறகு கதாநாயகன் ஃப்ரோடோ ஊர் திரும்பினால், ஊர் சூறையாடப்பட்டுக் கிடக்கிறது. அதைச் சீர்படுத்திய பிறகும் அவன் காயம் ஆறவில்லை, ஆண்டுதோறும் அதே நாளில் நோய் திரும்புகிறது. கடைசியில் அந்த ஊரில் அவனால் வாழவே முடியாமல் கப்பலேறுகிறான். போர்முனையிலிருந்து உடல் மட்டும் திரும்பி வந்த எத்தனையோ பேரின் கதை இது. நிஜத்திலிருந்து தப்பி ஓடுகிறவர் இப்படியா முடிப்பார்? வில்சன் இதைத் தன் ஏழு வயது மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியதாக எழுதியிருக்கிறார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு குழந்தைக்காக அதைச் செய்த தகப்பன்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் குழந்தைக்கு என்ன கேட்டது என்பதற்கு அவர் காதுகொடுத்திருக்கலாம்.

ஒரே அச்சு என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வெண்பாவும் ஒரே அச்சுதான். ஈற்றடியில் மூன்று சீர், தளை தட்டக்கூடாது, நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றில்தான் முடிய வேண்டும். அதற்குள் நீதியும் நையாண்டியும் ஒப்பாரியும் பாடியிருக்கிறார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார், வாசகருக்குத் தெரியாத தடயம் துப்பறிபவருக்குத் தெரியக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. சேயர்ஸ் 1935இல் எழுதிய 'காடி நைட்' நாவலிலோ கொலையே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் பெண்கள் கல்லூரி ஒன்றில் யாரோ மொட்டைக் கடிதம் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். படித்த பெண் தன் வேலைக்கும் அன்புக்கும் நடுவில் எப்படி நேர்மையாக வாழ்வது என்ற கேள்வியை அந்த அச்சுக்குள்ளேயே வைத்துத் துருவியிருக்கிறார்.

மாயத்தில் எதுவும் நடக்கலாம் என்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நல்ல மாயக்கதையில் எதுவும் சும்மா நடக்காது. உர்சுலா லெ குவினின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' (1968) நூலில் மந்திரம் கற்கப் போகும் பையன்கள் ஒரு கோபுரத்தில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல்களை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரியாமல் அதன்மேல் மந்திரம் செல்லாது. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு காயக்கூடும் என்று அவர்களின் ஆசிரியர் எச்சரிக்கிறார். கெட் என்ற மாணவன் செருக்கில் ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிட்டு, நூல் முழுக்க அதனிடமிருந்து ஓடி, பிறகு அதையே துரத்துகிறான். அந்த நிழலின் பெயர் என்ன? இதைவிட நல்ல மர்மம் எந்தத் துப்பறியும் நாவலில் இருக்கிறது?

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) இன்னும் தெளிவான சாட்சி. முடிவில்லாத மண்டபங்கள், ஆயிரக்கணக்கான சிலைகள், கீழ்த்தளங்களில் கடல். அங்கே தனியே வாழும் ஒருவன் அலைகளின் நேரத்தைக் கணக்கிட்டு, தினமும் குறிப்பேடு எழுதி, அதற்குப் பொருளடைவும் போட்டு வைக்கிறான். ஒருநாள் அந்த அடைவைப் புரட்டும்போது, தன் கையெழுத்தில், தனக்கு நினைவேயில்லாத பதிவுகள் இருப்பதைக் காண்கிறான். அங்கிருந்து மாயக்கதை துப்பறியும் கதையாகிறது. துப்பறிபவனும் அவனே, தொலைந்தவனும் அவனே. இங்கிலாந்தின் பெண்கள் புனைவு விருது 2021இல் இதற்குக் கிடைத்தது.

மாயமும் மர்மமும் சேராது என்று நம் ஊரில் சொல்லவே கூடாது. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் கதை படித்து வளர்ந்தவர்கள் நாம். நடுக்காட்டில் முதுகில் வேதாளம், அது சொல்லும் கதையின் முடிவில் ஒரு புதிர். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் விக்கிரமாதித்தன் பதில் சொல்கிறான். அந்தச் சிறுவயதில், அவன் சொல்வதற்குமுன் பக்கத்தை மூடி வைத்துக்கொண்டு நான் யோசித்த நிமிடங்கள்தான் என்னை வாசகியாக்கின.

கொலையை விளையாட்டாக்குகிறார்கள் என்ற கடைசிக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பெண்ணின் பிணத்தை அட்டைப்படத்தில் கடை பரப்பி விற்ற நூல்கள் எத்தனையோ. அவற்றை நான் பாதியில் மூடியிருக்கிறேன். சேயர்ஸ் அப்படி எழுதவில்லை, 'நைன் டெய்லர்ஸ்' முடிவில் உண்மையைக் கண்டுபிடித்தவரே அதன் பாரத்தில் ஒடுங்கிப்போகிறார். கிறிஸ்டியும் விளையாட்டாக எழுதியவர் அல்ல. முதல் உலகப்போரில் டார்கீ மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை செய்து விஷங்களைக் கற்றவர். 1961இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் விஷத்தின் அறிகுறிகளை அவ்வளவு துல்லியமாக எழுதினார். 1977இல் கத்தாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு குழந்தையின் நோய் மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த செவிலியர் அப்போது படித்துக்கொண்டிருந்தது அந்த நாவல். குழந்தையின் முடி உதிர்வதைப் பார்த்து, தாலியமாக இருக்குமோ என்று கேட்டார். அதுதான். குழந்தை பிழைத்தது.

பயன் இருக்கிறது, ஆகவே படிக்கலாம் என்று வாதாட இதைச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருப்பதால் படிக்கிறேன், அதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. அந்தச் செவிலியர் எப்படிப் படித்திருப்பார் என்பதை நினைத்துத்தான் சொன்னேன். முடி உதிர்கிறது என்ற ஒரு வரியை அவர் தாண்டவில்லை.

அடுத்த வாரம் பேராசிரியர் வீட்டுக்குப் போகிறேன். பையில் 'நைன் டெய்லர்ஸ்' இருக்கும். முதல் நூறு பக்கம் மணியோசையாகவே இருக்கும் சார், ஒன்றையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக் கொடுக்கப்போகிறேன்.