மணலை எதிர்க்கும் பூச்சு

பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்தால் களிம்பு ஏறும் என்று அஞ்சி, அதன் உட்புறத்தில் ஈயம் பூசிய காலம் ஒன்று உண்டு. ஈயம் தேய்ந்ததும், தெருவில் வரும் ஈயம் பூசுபவரை அழைத்து மீண்டும் பூசச் செய்வர். ஒருமுறை பூசியதே ஆயுளுக்கும் போதும் என்று என் பாட்டி எண்ணியதில்லை. இமயமலைப் பகுதியின் நீர்மின் நிலையங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாத்திரங்களே என் நினைவுக்கு வருகின்றன.

இமாச்சலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றில் அமைந்த நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம் 1,500 மெகாவாட் திறனுடையது. அங்கு ஆறு விசையாழிகள் சுழல்கின்றன. 27 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே வரும் நீர், 400 மீட்டருக்கும் மிகுந்த உயர வேறுபாட்டால் பெற்ற அழுத்தத்துடன் அவற்றின் தகடுகளில் பாய்கிறது. தெளிந்த நீர் மட்டும் பாய்ந்தால் கவலையில்லை. மழையும் பனியுருகலும் சேரும் மாதங்களில் சட்லெஜ் மலையையே கரைத்துக்கொண்டு வருகிறது. அவ்வண்டலில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள், தகடுகள் செய்யப்பட்ட துருப்பிடிக்காத எஃகைவிடக் கடினமானவை. நிலத்தடியில் அமைந்த வண்டல் நீக்கும் அறைகள் 0.2 மில்லிமீட்டருக்கும் பருத்த மணலைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. அதனினும் நுண்ணிய மணலோ தப்பிச் சென்று, தகடுகளை அரம்போல அராவுகிறது. விளிம்பு தேய்ந்த தகடு நீரின் விசையை முழுமையாக ஏற்பதில்லை.

இதற்கு அறிவியல் கண்ட விடைகளுள் ஒன்று டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. அதன் தூளைச் சூடாக்கி, ஒலியை விஞ்சும் வேகமுடைய சுடரில் செலுத்தி, எஃகின்மீது மோதிப் படியச் செய்கின்றனர். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அப்படலம் குவார்ட்ஸைவிடக் கடினமானது. போற்றத்தக்க நுட்பம்தான். எனினும், தெளிப்புக் குழல் எட்டாத குறுகிய இடுக்குகள் சுழல்சக்கரத்தினுள் உண்டு. கல் மோதினால் பூச்சு பெயரவும் கூடும். பெயர்ந்த இடத்தில் மணல் நேரே எஃகைத் தின்னத் தொடங்கும்.

பத்து இலட்சம் பங்கு நீரில் வண்டல் 5,000 பங்கைக் கடந்தால் இந்நிலையத்தின் இயக்கத்தை நிறுத்துவது வழக்கம். பூச்சு வந்த பின்னும் ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பவர் உளர். அக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது. முழுத் திறனில் ஒரு நாள் இயங்கினால் 3.6 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும்; நீர் பெருகும் அந்நாளில்தான் அது கைகூடும். ஆயினும் நிறுத்துவதே முறை என்பது என் துணிபு. பூச்சு நமக்கு ஈட்டித் தருவது காலத்தை மட்டுமே. அதை நம்பி வெள்ள நாளிலும் சக்கரத்தை ஓட்டுவது, ஈட்டிய காலத்தை ஒரே வாரத்தில் செலவழிப்பதாகும்.

குளிர்காலத்தில் ஆறு மெலியும்போது, தேய்ந்த சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பற்றவைத்து, இழைத்துச் சீராக்கி, மீண்டும் பூசுகின்றனர். திறப்பு விழாவுக்குச் செய்தித்தாளில் கிடைக்கும் இடம் இப்பணியாளர்களுக்குக் கிடைப்பதில்லை. தேய்மானம் பூச்சளவில் நின்றிருந்தால் அவர்கள் வேலை விரைவில் முடியும். எஃகுவரை சென்றிருந்தால் அது நீளும். அதற்குள் பனி உருகத் தொடங்கிவிடும்.