பெரிய மென்பொருளா, போதுமான மென்பொருளா?



எங்கள் எதிர்வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய தாத்தா மிருதங்கம் வாசிப்பவர். வயது எண்பதை நெருங்குகிறது. "தாத்தா வாசிக்கும் தா, தீ, தொம், நம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கணினியில் பதிவு செய்யப் போகிறேன் சார்" என்று அவன் சொன்னபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

இப்படி ஒரு வாத்தியத்தின் ஒவ்வொரு ஒலியையும் தனியாகப் பதிவு செய்து வைப்பதைத்தான் 'சாம்பிள்' என்கிறார்கள். பிறகு அவற்றைக் கோத்துப் பாட்டுக்குத் தாளம் அமைக்கலாம்.

ஆனால், பையன் என்ன செய்தான் தெரியுமா? பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கும் விலை உயர்ந்த மென்பொருள்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டான். யாரோ கொடுத்த திருட்டுப் பிரதியைக் கணினியில் ஏற்றினான். அதோடு வைரஸும் வந்தது. தாத்தா ஒரு வாரமாக வாசித்துக் கொடுத்த பதிவுகள் அத்தனையும் போய்விட்டன!

குழந்தைகளே, சட்டை வாங்கும்போது அளவு பார்த்துத்தானே வாங்குகிறோம்? மென்பொருளையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்க்காதீர்கள், உங்கள் வேலைக்குப் போதுமா என்று பாருங்கள். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: 'வேவ்' கோப்பாகச் சேமிக்க முடிகிறதா? எம்.பி.3 கோப்பு சிறியதாக இருக்கும். ஏனென்றால், நம் காது எளிதில் கவனிக்காத பகுதிகளை அது நீக்கிவிடுகிறது. நீக்கியது திரும்ப வராது. பாட்டுக் கேட்க அது போதும். வெட்டி ஒட்டி வேலை செய்ய வேவ்தான் நல்லது. சி.டி. தரத்தில் பதிந்தால் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும்.

இரண்டாவது கேள்வி: ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, வேண்டிய இடத்தில் வெட்ட முடிகிறதா? அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் 'டிக்' என்ற சத்தம் வராது. முடிவில் அவசரப்படக் கூடாது. 'தீம்' என்ற நாதம் முழுவதும் அடங்கிய பிறகே வெட்ட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: அதை நேர்மையாகப் பெற முடிகிறதா? திருட்டுப் பிரதி என்பது, அந்த மென்பொருளை உருவாக்கியவரின் உழைப்பைத் திருடுவதுதான்.

இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லும் ஒரு மென்பொருள் ஆடாசிட்டி. 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் என்ற இருவர் இதைத் தொடங்கினார்கள். 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். முற்றிலும் இலவசம். ஆடாசிட்டி என்ற சொல்லுக்குத் துணிச்சல் என்று பொருள்!

"இலவசம் என்றால் மட்டமாக இருக்காதா?" என்று கேட்பீர்கள். இருக்காது. ஆனால், இதற்கும் எல்லை உண்டு. சாம்பிள்களைக் கீபோர்டில் ஏற்றி வாசிக்கவும், பல வாத்தியங்களைச் சேர்த்து முழுப் பாட்டு அமைக்கவும் வேறு மென்பொருள்கள் வசதியானவை. அது அடுத்த படி. முதல் படியில் ஏறாமல் மூன்றாம் படிக்குத் தாவுவானேன்?

இன்னொன்று. எந்த மென்பொருளாலும் மோசமான பதிவை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். ஒலி அளவை மிக அதிகமாக வைத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ஒலி கரகரக்கும். ஒரே சொல்லை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாக வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். பலமான தட்டின் ஒலியைக் குறைத்தால் மட்டும் அது மென்மையான தட்டு ஆகிவிடாது! அன்றைய பதிவை அன்றைக்கே பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பையன் அழுதுகொண்டு போய் நின்றபோது தாத்தா திட்டவில்லை. "போனால் போகட்டும் ராசா. கை இன்னும் இருக்கே, மறுபடியும் வாசிக்கிறேன்" என்றார். இந்த முறை ஆடாசிட்டியில் பதிந்தார்கள். தாத்தாவின் விரல்கள் சீக்கிரம் சோர்ந்துவிட்டன. தினம் பத்து நிமிடம்தான் வாசிக்க முடிந்தது. எல்லாம் முடிய ஒரு மாதம் ஆயிற்று.

மென்பொருள் இன்று இல்லாவிட்டால் நாளை கிடைக்கும். வாசிக்கும் கை அப்படியா? உங்கள் வீட்டிலோ தெருவிலோ புல்லாங்குழல், உடுக்கை, வீணை வாசிக்கும் பெரியவர் இருக்கிறாரா? அவரிடம் அனுமதி கேட்டு, இந்த விடுமுறையிலேயே பதிவைத் தொடங்குங்கள். செய்வீர்கள்தானே?